மினியாபொலிஸ் வீட்டுக்கு வில்லங்கம் பார்த்த கதை

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்காரர்கள் நல்லவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதப்போவதைப் படித்துவிட்டு, "பாவம், அங்கே யாரோ இவரைக் கேவலமா நடத்திட்டாங்க போல" என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பனியில் கார் சக்கரம் சிக்கிக்கொண்டால் கூப்பிடாமலே வந்து தள்ளுவார்கள். நாங்கள் குடிவந்த வாரமே பக்கத்து வீட்டு அம்மா வாழைப்பழ பிரெட் சுட்டுக் கொண்டுவந்தார். கிறிஸ்துமஸுக்கு அழைத்தபோது, மாட்டிறைச்சி எங்களுக்கு ஆகுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். ஆகும் என்றதில் கொஞ்சம் ஏமாந்துபோனார் என்று நினைக்கிறேன். எங்களுக்காக ஏதோ சைவச் சமையல் குறிப்பு தேடி வைத்திருந்தாராம்.

இதே மாநிலத்தில் வெள்ளையர் குடும்பங்களில் நான்கில் மூன்றுக்குச் சொந்த வீடு இருக்கிறது. கறுப்பர் குடும்பங்களில் மூன்றில் ஒன்றுக்குக்கூட இல்லை. நாட்டிலேயே மிகப் பெரிய இடைவெளிகளில் இதுவும் ஒன்று. இத்தனை நல்லவர்கள் இருக்கும் ஊரில் இது எப்படி என்ற கேள்வி எனக்கு வெகுநாள் இருந்தது. வீடு வாங்கப் போனபோதுதான் கொஞ்சம் விளங்கியது.

முதலில் அமைந்த ஏஜென்ட் தன்மையானவர். மேற்கே ஒரு புறநகரைக் காட்டி, "உங்கள் ஆட்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள், உங்களுக்கு வசதியாக இருக்கும்" என்றார். கோயில் பக்கம், இந்திய மளிகைக்கடை பக்கம், கேட்க நன்றாகத்தான் இருந்தது. இதை அலுவலகத்தில் ஒரு தோழியிடம் சொன்னேன். அவர் கறுப்பர், எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம், ஒரே பட்ஜெட். அவருக்கும் ஓர் ஏஜென்ட் அதே அன்போடு மினியாபொலிஸ் நகரத்தின் வடக்குப் பகுதியை மட்டுமே காட்டிக்கொண்டிருந்தாராம். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட சில நாட்களில், 1968 ஏப்ரலில் நிறைவேறிய வீட்டுவசதிச் சட்டப்படி, இனத்தைப் பார்த்து ஒருவரை ஒரு பகுதிக்குள் தள்ளிவிடுவது சட்டவிரோதம். ஆனால் சிரித்த முகத்தோடு "உங்களுக்கு வசதியாக இருக்கும்" என்று சொல்வதை யார் போய்ப் புகார் செய்வது?

அதற்குப் பிறகு நான் செய்தது இதுதான்: பட்ஜெட், அலுவலகத்துக்கு ஆகும் நேரம், படுக்கையறை, கூரையின் வயது என்று என் தேவைகளை மட்டும் மின்னஞ்சலில் எழுதி, இதற்குப் பொருந்தும் எல்லா வீடுகளையும் அனுப்புங்கள் என்று கேட்டேன். எழுத்தில் கேட்டதும் பட்டியல் இரண்டு மடங்கானது. புதிதாக வீடு தேடும் நம்மவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இது. நம்முடைய வாட்ஸாப் குழுக்களும் ஏஜென்டுக்குக் குறைந்தவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். "அந்த ஏரியா வேண்டாம்ப்பா" என்று ஒரு வரி வரும். ஏன் என்று கேட்டால் பதில் வராது. அந்த ஏரியாவில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் பதில் என்று எல்லோருக்கும் தெரியும்.

கடைசியில் தெற்கு மினியாபொலிஸில் ஒரு பழைய வீடு அமைந்தது. என் அப்பா திருநெல்வேலிப் பக்கம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் காலமெல்லாம் பத்திர எழுத்தராக இருந்தவர். போனில் அவர் கேட்ட முதல் கேள்வி விலையைப் பற்றியே அல்ல. "ஏய்யா, தாய்ப்பத்திரம் பார்த்தியா? முப்பது வருஷ வில்லங்கம் போட்டுப் பார்க்காம கையெழுத்துப் போட்டுராத." இங்கே அதையெல்லாம் டைட்டில் கம்பெனி, அதாவது சொத்துரிமையைச் சரிபார்க்கும் நிறுவனம், பார்த்துக்கொள்ளும் என்றேன். "அவன் பார்த்தது அவனுக்கு. நீ படிச்சியா?"

சரி என்று கேட்டு வாங்கினேன். டைட்டில் கம்பெனி தரும் அறிக்கையில் விதிவிலக்குகள் என்று ஒரு பகுதி உண்டு. அந்த மனையின் மேல் பழைய காலத்திலிருந்து பதிவான ஷரத்துகளின் எண்கள் அதில் இருக்கும். அந்த எண்களைக் கொடுத்தால் கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் மூல ஆவணத்தின் நகல் கிடைக்கும். அப்பா விசா வாங்கி வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் வைத்து இருவரும் படித்தோம். தெருவிலிருந்து இத்தனை அடி தள்ளிக் கட்ட வேண்டும். இத்தனை டாலருக்குக் குறைந்த செலவில் வீடு கட்டக் கூடாது. கோழி, பன்றி வளர்க்கக் கூடாது. அதற்கு அடுத்த ஷரத்து: காக்கேசிய இனத்தவர், அதாவது வெள்ளையர், அல்லாத எவருக்கும் இந்த மனையை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது, எவரும் இதில் குடியிருக்கவும் கூடாது, வீட்டோடு தங்கும் வேலைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "பன்னிக்கு அடுத்த வரில நாம." பிறகு, "வேலைக்காரனா வந்தா இருந்துக்கலாமாம்" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம ஊர்ல இதைப் பத்திரத்துல எழுத மாட்டான். எழுதாமலே காரியம் நடக்கும்" என்றார். எத்தனை மனைகள் யாருக்கு விற்கப்படவில்லை, ஏன் விற்கப்படவில்லை என்பதெல்லாம் தெரிந்த மனிதர். அந்தப் பேச்சு அன்றிரவு வெகுநேரம் போனது. அது வேறு கட்டுரைக்கானது.

மினியாபொலிஸில் இப்படிப்பட்ட முதல் ஷரத்து 1910-இல் பதிவானது. அதில் சீனர், ஜப்பானியர், மூர், துருக்கியர், நீக்ரோ, மங்கோலியர், ஆப்பிரிக்கர் என்று ஒரு பட்டியலே இருக்கும். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் 'மேப்பிங் பிரெஜுடிஸ்' என்ற குழு 2016 முதல் பழைய பத்திரங்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு படித்து வரைபடமாக்கியது. இந்த நகரத்தில் மட்டும் சுமார் 8,000 மனைகளில் அந்த ஷரத்து இருந்தது தெரிந்தது. 1948-இல் இதை நீதிமன்றம் மூலம் அமல்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1953-இல் மினசோட்டா புதிதாக எழுதுவதைத் தடுத்தது. 1968 சட்டம் முழுவதுமாகச் செல்லாமல் ஆக்கியது. ஆக, நான் வாங்கும்போது அது செத்த ஷரத்துதான். ஆனால் உயிரோடிருந்த காலத்தில் அது சம்பாதித்துக் கொடுத்தது இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

அதைப் புரிந்துகொள்ள ஒரு வெள்ளை இளைஞர் உதவினார், தெரியாமலே. என் அணியில் வேலை பார்ப்பவர், என்னைவிடப் பல வயது சின்னவர், என்னைவிடச் சம்பளம் குறைவு. எனக்கு முன்பே வீடு வாங்கிவிட்டார். டவுன் பேமென்டை, அதாவது கையிலிருந்து போட வேண்டிய முன்பணத்தை, எப்படிச் சமாளித்தாய் என்று கேட்டேன். பாட்டி வீட்டை விற்றதில் அப்பாவுக்குப் பங்கு வந்தது, அதில் அவர் கொடுத்தார் என்றார். இங்கே அப்படி வரும் பணத்துக்கு, இதைத் திருப்பிக் கேட்க மாட்டேன் என்று கொடுப்பவர் வங்கிக்கு ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். கிஃப்ட் லெட்டர் என்பார்கள். வீட்டுக் கடன் கோப்புகளில் சர்வசாதாரணமான காகிதம்.

அவருடைய தாத்தா மாவு மில்லில் வேலை பார்த்தவர். மினியாபொலிஸ் ஒரு காலத்தில் உலகத்துக்கே கோதுமை மாவு அரைத்த ஊர். "எங்கள் குடும்பத்துக்கு யாரும் எதையும் சும்மா கொடுக்கவில்லை" என்று அவர் சொல்வதில் பொய் இல்லை; தாத்தா உழைத்தார். ஆனால் 1934-இல் தொடங்கிய மத்திய வீட்டுவசதி நிர்வாகம் வங்கிக் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்ததால்தான் சாதாரணத் தொழிலாளி குறைந்த முன்பணத்தில் நீண்டகாலக் கடன் வாங்க முடிந்தது. அந்த நிர்வாகம் கறுப்பர்கள் வாழும் பகுதிகளுக்கு உத்தரவாதம் தர மறுத்தது. அதே காலத்தில் வேறொரு அரசு நிறுவனம் தயாரித்த வரைபடங்களில் அந்தப் பகுதிகள், கடன் கொடுக்க ஆபத்தானவை என்று, சிவப்பில் இருக்கும். வெள்ளையர் பகுதிகளுக்கான வீடுகளில் இன ஷரத்து இருப்பதை அந்த நிர்வாகமே பரிந்துரைத்தது. அதே மில்லில் அதே உழைப்பு உழைத்த ஒரு கறுப்பருக்குக் கடனும் இல்லை, விற்க ஆளும் இல்லை. மீறி வாங்கினால்? 1931-இல் ஆர்தர் லீ என்ற தபால் ஊழியர், முதல் உலகப் போரில் பங்கெடுத்தவர், தெற்கு மினியாபொலிஸில் கொலம்பஸ் அவென்யூவில் வீடு வாங்கினார். வீட்டைச் சுற்றி ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. லீனா ஆலிவ் ஸ்மித் என்ற கறுப்பின வழக்கறிஞர் அவருக்காக நின்றார். அந்த வீடு இப்போது தேசிய வரலாற்றுப் பட்டியலில் இருக்கிறது. என் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்விடலாம்.

இப்படி முளைத்த பாட்டி வீடுகள்தான் இன்று பேரனின் டவுன் பேமென்ட். அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் 2022 கணக்குப்படி, சொத்து வரிசையில் நட்டநடுவில் நிற்கும் வெள்ளையர் குடும்பத்தின் நிகரச் சொத்து 2,85,000 டாலர். அதேபோல் நடுவில் நிற்கும் கறுப்பர் குடும்பத்தின் சொத்து 44,900. மினியாபொலிஸ் இருக்கும் ஹென்னபின் கவுன்ட்டியில் செய்த ஆய்வொன்றில், அந்த ஷரத்து இருந்த வீடுகள் மற்ற வீடுகளைவிட இன்றும் சுமார் 15 சதவீதம் கூடுதல் விலை போவது தெரிந்தது. நான் அந்த வீட்டை விற்றால் அந்த 15 சதவீதத்தில் ஒரு பங்கு எனக்கும் வரும், அந்த ஷரத்து என்னையே வெளியே நிறுத்தியதாக இருந்தாலும். அணியில் உள்ள அந்த இளைஞர் கெட்டவரும் அல்ல, இனவெறியரும் அல்ல. அவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பதுதான் விஷயமே.

மறுபக்கம் சாலைகள். பக்கத்து நகரமான செயின்ட் பாலில் ரோண்டோ என்ற கறுப்பர் பகுதி இருந்தது: கடைகள், தேவாலயங்கள், சொந்த வீடுகள். 1950-களிலும் 60-களிலும் ஐ-94 நெடுஞ்சாலையை அதன் நடுவே போட்டார்கள். சுமார் 600 குடும்பங்கள் வீடிழந்தன. எனக்கு அது வெறும் சாலை. தோழியின் தாய்வழிக் குடும்பம் அங்கிருந்து கிளம்பியது. அவருக்கு கிஃப்ட் லெட்டர் எழுதித் தர யாரிடமும் எதுவும் மிஞ்சவில்லை.

அவர் ஒருவழியாக வீடு வாங்கி, வட்டி குறைந்தபோது கடனை மாற்ற முயன்றார். அதற்கு வீட்டை மதிப்பிட ஆள் வருவார். வந்த மதிப்பு தெருவில் மற்ற வீடுகள் விற்ற விலைக்குக் கீழே கிடந்தது. அவர் மறுபடி விண்ணப்பித்தார். இந்தத் தடவை சுவரிலிருந்த குடும்பப் படங்களை இறக்கி, புத்தக அலமாரியைக் காலிசெய்து, வெள்ளைத் தோழி ஒருவரை வீட்டில் நிறுத்திவைத்துவிட்டு வெளியே போய்விட்டார். மதிப்பு ஏறியது. கடனும் கிடைத்தது. "ஏறினதில் எனக்குச் சந்தோஷமா, கோபமா என்று எனக்கே தெரியவில்லை" என்றார். அமெரிக்காவின் பல ஊர்களில் இதே கதை செய்தியாக வந்திருக்கிறது. இதில் தெரிந்துகொள்ள வேண்டிய நடைமுறை ஒன்று உண்டு: மதிப்பு குறைவாகப் பட்டால் மறுபரிசீலனை செய்யச் சொல்லி கடன் கொடுப்பவரிடம் எழுத்துபூர்வமாகக் கேட்கலாம். சுற்றுவட்டாரத்தில் அண்மையில் விற்ற, அளவிலும் வயதிலும் ஒத்த வீடுகளின் விலைகளை ஆதாரமாக இணைக்க வேண்டும். சதுர அடியைத் தப்பாகப் போட்டிருந்தால் அதையும். அறிக்கையின் நகலைப் பெறுவது உங்கள் உரிமை. கோபமாக எழுதிய பக்கங்களைவிட மூன்று நல்ல ஒப்பீட்டு வீடுகள் வேலை செய்யும்.

அப்பா வந்திருந்த கோடையில் இன்னொன்று நடந்தது. விடியற்காலையில் நடக்கப் போகிற பழக்கம் அவருக்கு. ஜூன் மாதத்திலும் மங்கி குல்லா, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு வீட்டு ரோஜாச் செடியையும் நின்று பார்ப்பார். அக்கம்பக்கத்தார் செயலியில் "அறிமுகமில்லாத ஒரு ஆள் வீடுகளை நோட்டம் பார்க்கிறார்" என்று ஒரு பதிவு வந்தது. பிரெட் கொடுத்த அம்மாதான் உடனே "அவர் என் பக்கத்து வீட்டுக்காரரின் தந்தை" என்று பதில் போட்டார். எனக்கு அலபாமா நினைவுக்கு வந்துவிட்டது. 2015 பிப்ரவரியில் மேடிசன் என்ற ஊரில், பேரனைப் பார்த்துக்கொள்ள குஜராத்திலிருந்து வந்திருந்த சுரேஷ்பாய் பட்டேல் மகன் வீட்டுத் தெருவில் நடந்துபோனார். ஒல்லியான கறுப்பு ஆள் ஒருவன் சுற்றுகிறான் என்று யாரோ போலீசுக்குப் போன் செய்தார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. போலீஸ்காரர் அவரைத் தரையில் அடித்து வீழ்த்தியதில் முதுகுத்தண்டு பாதித்து உடல் ஓரளவு செயலிழந்தது. அந்த அதிகாரி விடுதலையானார்.

அன்றே அப்பாவுக்கு ஓர் அட்டை தயார் செய்தேன்: பெயர், வீட்டு முகவரி, என் எண், மனைவியின் எண், "எனக்கு ஆங்கிலம் குறைவு, என் மகனை அழையுங்கள்" என்று ஒரு வரி. "சொந்தத் தெருவுல நடக்க அடையாள அட்டையா?" என்று முகத்தைச் சுளித்தார், ஆனால் வைத்துக்கொண்டார். போலீஸ் நிறுத்தினால் கையைச் சட்டைப் பைக்குள் விடக் கூடாது, ஓடவோ விலகி நடக்கவோ கூடாது, கைகள் தெரியும்படி நிற்க வேண்டும் என்பதை நடித்தே காட்டினேன். பெற்றோரை அழைக்கும் எல்லோரும் இதைச் செய்துவிடுங்கள். வந்த முதல் வாரமே இருபக்கத்து வீடுகளுக்கும் அழைத்துப்போய் அறிமுகப்படுத்துங்கள். அவமானமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது.

இதைத் தோழியிடம் சொன்னபோது அவர் பெரிதாக அதிர்ச்சி அடையவில்லை. மகனுக்குப் பத்து வயதானபோதே அந்தப் பாடத்தை அவர் எடுத்துவிட்டார். 2016 ஜூலையில், எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஃபால்கன் ஹைட்ஸில், பள்ளி உணவகத்தில் வேலை பார்த்த ஃபிலாண்டோ காஸ்டில் போலீஸ் குண்டுக்குப் பலியானார். காரை நிறுத்தச் சொன்ன காரணம் பிரேக் விளக்கு. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவரைச் சின்னச் சின்னக் காரணங்களுக்காகப் போலீஸ் 40 தடவைக்கு மேல் நிறுத்தியிருந்தது. சுட்ட அதிகாரியை ஜூரி விடுவித்தது. நானும் ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு பின்விளக்கு எரியாமல் ஓட்டியிருக்கிறேன். நிறுத்திய போலீஸ்காரர், சீக்கிரம் மாற்றிவிடுங்கள் என்று எச்சரித்து அனுப்பிவிட்டார். எனக்கு மங்கி குல்லா போட்ட அப்பாவைப் பற்றி மட்டும்தான் கவலை. தோழிக்கு மகன் கார் ஓட்டும் ஒவ்வொரு நாளும்.

நாம் எங்கே நிற்கிறோம் என்பதை இங்குள்ள இந்தியர்கள் பேச விரும்புவதில்லை. குடும்ப வருமானத்தில் இந்தியர்கள் எல்லோருக்கும் மேலே இருக்கிறோம். "நாங்கள் உழைத்து முன்னேறவில்லையா, அவர்கள் ஏன் முன்னேறவில்லை" என்று தீபாவளி விருந்துகளில் கேட்பார்கள். அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியின் குடியுரிமை வழக்கு 1923-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிவானது. அப்போது குடியேறி வந்தவர்களில் குடியுரிமை வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும்தான். அவர் தரப்பு அந்தச் சட்டமே தப்பு என்று வாதாடவில்லை. நான் உயர்சாதி ஆரியன், ஆகவே வெள்ளையன் என்று வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த பல இந்தியர்களிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. 1946-இல் ஆண்டுக்கு 100 இந்தியர்கள் வரலாம் என்றானது. உண்மையில் கதவு திறந்தது 1965-இல், கறுப்பர்களின் உரிமைப் போராட்டம் நாட்டை உலுக்கிய அந்த வருடங்களில். அந்தச் சட்டம் படித்தவர்களுக்கும் தொழில் தெரிந்தவர்களுக்கும் இடம் கொடுத்தது. அரித்தெடுத்த சல்லடையின் மேல் தங்கியவர்கள் நாம். சல்லடையில் தங்காத கோடிப் பேர் ஊரில் இருக்கிறார்கள். விருந்துகளில் நான் இதைச் சொல்லத் தொடங்கியபின் சில வீடுகளிலிருந்து அழைப்பு குறைந்திருக்கிறது. போகட்டும், பிரியாணி சுமார்தான்.

அலுவலகத்தில் ஆள் எடுக்கும் குழுவில் இருப்பதால் அங்கே கொஞ்சம் செய்ய முடிகிறது. 2004-இல் வெளியான ஆய்வொன்றில், பாஸ்டனிலும் சிகாகோவிலும் ஒரே மாதிரி விண்ணப்பங்களை எமிலி, கிரெக் என்ற பெயர்களிலும் லக்கீஷா, ஜமால் என்ற பெயர்களிலும் அனுப்பிப் பார்த்தார்கள். வெள்ளைப் பெயர்களுக்கு 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. நான் கேட்டு வாங்கிய மாற்றங்கள் சின்னவை. முதல் சுற்றில் பெயரும் கல்லூரியும் மறைக்கப்படும். எல்லோருக்கும் ஒரே கேள்விகள், மதிப்பெண் பேசுவதற்கு முன் எழுதி வைக்கப்படும். "அணிக்குப் பொருந்த மாட்டார்" என்று யாராவது சொன்னால், எதில் பொருந்த மாட்டார் என்று ஒரு வரி எழுத வேண்டும். இந்தக் கடைசி விதி வந்ததும் அந்தக் காரணம் கிட்டத்தட்ட மறைந்தே போனது. எழுதச் சொன்னால் யாருக்கும் எழுத வருவதில்லை.

பத்திர ஷரத்துக்கு வருகிறேன், பலர் கேட்கும் விஷயம் என்பதால். 2019 முதல் மினசோட்டாவில் வீட்டுக்காரர் ஒரு படிவம் பதிவுசெய்து அந்த ஷரத்தை விடுவிக்கலாம். 'ஜஸ்ட் டீட்ஸ்' என்ற அமைப்பின் வழக்கறிஞர்கள் இலவசமாகச் செய்து தருகிறார்கள். முதலில் 'மேப்பிங் பிரெஜுடிஸ்' வரைபடத்தில் உங்கள் முகவரியைப் பாருங்கள். பழைய வரி அழிக்கப்படாது, அதன்மேல் புதிய ஆவணம் ஏறும். எங்கள் தெருவில் ஏழெட்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து செய்தோம். ஒரு பெரியவர் மட்டும், "செத்ததைத் தோண்டுவானேன், இதனால் யாருக்கு ஒரு டாலர் கிடைக்கும்?" என்று மறுத்துவிட்டார். எனக்கு அவர் சொன்னதில் பாதி சரி என்று பட்டது. காகிதத்தைத் திருத்துவதால் தோழியின் கணக்கில் எதுவும் ஏறாது.

அதனால்தான் 2023-இல் மினசோட்டா சட்டமன்றம் செய்தது எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. பெற்றோருக்குச் சொந்த வீடு இல்லாத, அல்லது கடனில் வீட்டைப் பறிகொடுத்த குடும்பத்திலிருந்து முதன்முதலாக வீடு வாங்குவோரின் டவுன் பேமென்டுக்கு உதவ நிதி ஒதுக்கியது. இதற்கு இனம் ஒரு தகுதி அல்ல. பாட்டி வீடு இல்லாதவர்களுக்கு அரசு கிஃப்ட் லெட்டர் எழுதுவது போலத்தான். இப்படிப்பட்ட நிதி சீக்கிரம் தீர்ந்துவிடும், ஆகவே இப்போது மிச்சம் இருக்கிறதா என்று வீடு பார்ப்பதற்கு முன்பே கடன் ஆலோசகரிடம் கேட்டுவிட வேண்டும். அந்தப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். "என் வரிப் பணமா?" என்றார். ஆமாம் என்றேன். அவருடைய அப்பா எந்தக் கடனில் அந்த வீட்டை வாங்கினார் என்றும் கேட்டேன். பழைய காகிதங்களைத் தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.